கஞ்சா சட்டம்: நெதர்லாந்தும் கனடாவும்

கஞ்சா என்றதும் பலருக்கும் ஆம்ஸ்டர்டாம்தான் நினைவுக்கு வரும். ஆனால் நெதர்லாந்தில் கஞ்சா இன்றும் சட்டப்படி குற்றமே. 1976-இல் ஓப்பியம் சட்டத்தைத் திருத்தி, கஞ்சாவைக் கடும் போதைப்பொருள்களிலிருந்து பிரித்தார்கள். கண்டும் காணாமல் விடும் கொள்கை அதிலிருந்து வளர்ந்தது. 'காபி ஷாப்' எனப்படும் கஞ்சாக் கடைகளில் 18 வயது நிரம்பியவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் வரை விற்கலாம். மதுவும் விளம்பரமும் கூடாது. வேடிக்கை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. முன்வாசலில் விற்பதை அரசு பொறுத்துக்கொள்கிறது. பின்வாசல் வழியாகச் சரக்கு வந்தால் குற்றம். கடைக்காரர் வரி கட்டுவார், அவருக்குச் சரக்கு கொடுத்தவர் சிறைக்குப் போவார்! இந்தக் கோணலை நிமிர்த்தத்தான் 10 நகராட்சிகளில் உரிமம் பெற்ற பண்ணைகளின் கஞ்சாவை விற்கும் சோதனை நடக்கிறது.

கனடா இந்தக் கண்ணாமூச்சி ஆடவில்லை. 2018 அக்டோபர் 17 முதல் சாகுபடி, விற்பனை இரண்டுமே சட்டபூர்வம். பொட்டலத்தைப் பார்த்தாலே தெரியும்: சிவப்பு எண்கோணத்துக்குள் வெள்ளைக் கஞ்சா இலை, மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை, மேலே வரி முத்திரை. பொது இடத்தில் 30 கிராம் உலர் கஞ்சா வரை வைத்திருக்கலாம். என் கணக்கில் இதுவே நேர்மையான வழி.

அதற்காக நாடு முழுவதும் ஒரே விதி என்று எண்ணிவிட வேண்டாம். வயது வரம்பு ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21, மற்ற மாகாணங்களில் 19. வீட்டில் 4 செடி வளர்க்கலாம் என்கிறது மத்தியச் சட்டம். கூடாது என்கிறது கியூபெக். அந்தத் தடை செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.