ஸ்டிக்ஸ் டூ மேத் எழுத்துரு: கணிதச் சாய்வெழுத்துக்கு ஒரு நல்ல தேர்வு

இயற்பியல் பாடக்குறிப்பில் எம், ஜி என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அருகருகே சாய்ந்து நின்றால், அது நிறையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வரும் எடை. அவையே நிமிர்ந்து நின்றால் மில்லிகிராம். தமிழ் வரிகளுக்கு நடுவே வரும் ஆங்கில எழுத்து எப்படியும் தனித்துத் தெரியும், அதைச் சாய்த்து எழுதத் தேவையில்லை என்பவர்களுக்கு இந்த ஒரு சான்றையே நான் காட்டுவேன். மாறிகள் சாய்வாகவும், சைன், காஸ் போன்ற சார்புப் பெயர்கள் நேராகவும் இருக்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 80000-2 தரத்தின் விதியும்கூட.

தமிழில் பாடக்குறிப்புகள் தயாரிக்க நான் ஸ்டிக்ஸ் டூ மேத் எழுத்துருவை, கட்டளைகளை எழுதி நூல் பக்கங்களை அச்சுக்கோக்கும் மென்பொருளான லூவாடெக்கில் பயன்படுத்தி வருகிறேன். ஐஇஇஇ, எல்சேவியர், அமெரிக்கக் கணிதக் கழகம் முதலிய அறிவியல் வெளியீட்டாளர்கள் கூடி உருவாக்கிய ஸ்டிக்ஸ் எழுத்துருக்களின் முதல் முழுப் பதிப்பு 2010-இலும், திருத்தி வரையப்பட்ட இந்த இரண்டாம் தலைமுறை 2016-இலும் வெளிவந்தன, கட்டணம் ஏதுமில்லை. இதன் அருமையை எஃப் எழுத்தில் பார்க்கலாம். சொற்செயலியில் பொத்தானை அழுத்திச் சாய்த்த எஃப்பின் தலை, அடுத்து வரும் அடுக்கெண்ணின் மேல் முட்டிக்கொள்ளும். இந்த எழுத்துருவிலோ, சாய்வுக்கு ஏற்ற இடைவெளி அளவுகள் உள்ளேயே பதிந்திருப்பதால், அடுக்கெண் சற்று வலப்புறம் விலகியும் கீழொட்டு தண்டின் அருகே ஒடுங்கியும் அமர்கின்றன. தமிழ் எழுத்துகள் இதில் இல்லை. அவற்றுக்கு வேறொரு எழுத்துருவைத் துணைக்கு வைத்து, இரண்டின் அளவும் இசையும்வரை பொறுமையாகச் சரிபார்க்க வேண்டும்.

கணிதச் சாய்வெழுத்துகளுக்கு 2001-இல் வெளியான யூனிகோடு 3.1 தனிக் குறியீட்டெண்களை ஒதுக்கியது. அந்த வரிசையில் எச் எழுத்துக்கு உரிய 119893-ஆம் இடம் மட்டும் காலியாக இருக்கிறது, ஏனெனில் பிளாங்க் மாறிலி என்ற பெயரில் சாய்ந்த எச் முன்பே 8462-ஆம் இடத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. சாதாரண எழுத்துகளைக் கணிதச் சாய்வெழுத்துகளாக மாற்ற நான் ஒருமுறை பயன்படுத்திய கருவி, இதை அறியாமல் எழுத்துகளை வரிசையாக எண்ணிக்கொண்டே போனதால், விழும் பொருளின் உயரத்தைக் குறிக்கும் எச் வந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டமாகிவிட்டது. அத்தனையையும் கையால் திருத்தினேன். இதில் எழுத்துருவின் மேல் பிழையில்லை. 8462-ஆம் இடத்து எச்சும் பிற சாய்வெழுத்துகளோடு ஒரே கை வரைந்ததுபோல் பொருந்தி நிற்கிறது.

அச்சுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் இந்தச் சிறப்புக் குறியீட்டெண்களை இணையப் பக்கத்தின் உரையில் நேரடியாக ஒட்டுவது நல்லதன்று. சாதாரண எக்ஸைத் தட்டித் தேடுபவருக்குப் பல மென்பொருள்களில் அந்த எழுத்து அகப்படாது. பார்வையற்ற மாணவருக்குப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்கள் சில, ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் நீண்ட யூனிகோடு பெயரை ஒப்பிக்கின்றன, சில அதைச் சொல்லாமலேயே தாண்டிவிடுகின்றன. பாடம் யாருக்காக எழுதப்படுகிறதோ அவரையே அது கைவிடுகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இணையத்துக்கு, சூத்திரங்களை டேக் எனும் குறிகளுக்குள் இட்டு எழுதும் மேத்எம்எல் மொழி இருக்கிறது. 2023 ஜனவரியில் குரோம் 109 வந்ததிலிருந்து முதன்மையான உலாவிகள் எல்லாவற்றிலும் அது இயங்குகிறது. கோப்பில் வழக்கமான எழுத்தையே வைத்துவிட்டு, இதே எழுத்துருவைக் கணிதத்துக்கு அமைத்தால் போதும், சாய்க்கும் வேலையை உலாவி பார்த்துக்கொள்ளும். எம்மையும் ஜியையும் மாறிக்கு உரிய டேகில் தனித்தனியே இட்டால் இரண்டும் சாய்ந்து எடையாகின்றன. ஒரே டேகுக்குள் சேர்த்து இட்டால் நிமிர்ந்து மில்லிகிராமாக நிற்கின்றன.