480 வெள்ளிக்கு ஸ்டிக்கர்: கேமுக்காக எஸ்எஸ்டி மாற்றப் போகிறவர்கள் கவனிக்கவும்

480 வெள்ளி (ரிங்கிட்). கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மலேசியாவின் பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் பட்டணத்தில் ஒரு கடை. முன்னால் கைப்பேசி உறையும் டாப்-அப்பும், பின்னால் கணினி ரிப்பேர். பெயர் எழுதப் போவதில்லை. கேட்டது 1 டிபி ஜென்4 என்விஎம்இ, அதாவது ஹார்ட்டிஸ்க்குக்குப் பதில் போடும் எஸ்எஸ்டியில் வேகமான வகை. மாட்டிக் கொடுத்தது யாரோ கழற்றிப் போட்ட சாட்டா எம்.2, பார்க்க அதே வடிவம், ஆனால் மெதுவான பழைய வகை. அதன் மேல் புது ஸ்டிக்கர்.

நம்ப வைத்த இடத்தைச் சொல்ல வேண்டும், அதில்தான் கெட்டிக்காரத்தனம். "பாஸ், இப்ப பாருங்க லா" என்று கடைக்காரன் கேமைத் திறந்து, சேவ் செய்து வைத்த ஆட்டத்தை லோட் செய்து காட்டினான். கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. ஆனால் அது இரண்டாவது லோடிங். முதல் தடவை "ஓடுதான்னு செக் பண்ணேன்" என்று அவனே முன்னதாக ஓட்டிவிட்டான். விண்டோஸ் ஒரு முறை படித்த ஃபைலைச் சும்மா கிடக்கும் ரேமில் வைத்திருக்கும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் அதே கட்டத்தை மறுபடி திறந்தால் பெரும்பகுதி ரேமிலிருந்தே வரும், எஸ்எஸ்டிக்கு வேலையே இல்லை. பழைய ஹார்ட்டிஸ்க்கில் செய்தாலும் இந்த வித்தை பலிக்கும். உண்மையான வேகம் தெரிய வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் செய்து முதல் லோடிங்கைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஏற்கெனவே இருந்த ஹார்ட்டிஸ்க் ஒன்று காணோம். கேபிள் சரி, பவர் சரி. பல மதர்போர்டுகளில் எம்.2 துளையில் சாட்டா வகையை மாட்டினால் ஒரு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். சில போர்டுகளில் என்விஎம்இ போட்டாலும் இப்படி ஆகும், ஆனாலும் சந்தேகம் வந்தது. டிஸ்க் விவரம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் டிரான்ஸ்ஃபர் மோட் 'சாட்டா/600'. ஓடிய நேரம் 14,000 மணி நேரத்துக்கு மேல். புதுசாம்! வேகத்தைத் தனியாக அளந்தால் விநாடிக்கு 530 எம்பி. சாட்டா 550 பக்கம் முட்டி நின்றுவிடும். நல்ல ஜென்4 என்றால் 5,000, 7,000 என்று காட்டும். ஓரத்தில் ஸ்டிக்கர் லேசாகத் தூக்கியிருந்தது, அடியில் இன்னொரு லேபிள்.

இதன் பிறகு கடைக்காரன் பேச்சு. முதலில் "விண்டோஸ் அப்டேட் பண்ணுங்க". அடுத்து "உங்க வீட்டு லைன் ஸ்லோ பாஸ்". தனியாக ஆடும் கேமுக்கு இணைய வேகம் எதற்கு? அப்புறம் "தவுக்கே (முதலாளி) வெளியூர்". அப்புறம் வாட்சாப்பில் நீல டிக், பதில் இல்லை. ரசீதில் 'எஸ்எஸ்டி 1 டிபி, 480' என்று மட்டும் எழுதியிருக்கிறது, என்விஎம்இ என்ற சொல்லே கிடையாது.

கடைசியாகச் சொன்ன சாக்குதான் எரிச்சல்: "கேமுக்கு சாட்டாவும் என்விஎம்இயும் ஒண்ணுதான்". பாதி உண்மை. ஹார்ட்டிஸ்க்கில் தலை நகர்ந்து ஒரு சின்னத் துண்டைத் தேடவே 10 மில்லிவிநாடி பக்கம் ஆகும், எஸ்எஸ்டியில் அது 0.1 மில்லிவிநாடி அளவுதான். அதனால் எந்த எஸ்எஸ்டி போட்டாலும் லோடிங் பாய்ந்து குறையும். அதற்கு மேல் என்விஎம்இயால் பெரும்பாலான கேம்களில் சில விநாடிதான் மிச்சம். சுருக்கி வைத்த டேட்டாவை விரிப்பது, ஷேடர் (படம் வரையும் சின்ன நிரல்கள்) தயாரிப்பது எல்லாம் பிராசசர் வேலை. ஜிடிஏ ஆன்லைன் நிமிடக்கணக்கில் லோட் ஆனதற்குக் காரணம் 10 எம்பி அளவு பட்டியல் ஒன்றை மடத்தனமாகப் படித்த நிரல். 2021இல் அதைச் சரிசெய்ததும் நேரம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது என்றார்கள், யாரும் டிஸ்க் மாற்றவில்லை. டைரக்ட்ஸ்டோரேஜ் (டிஸ்க்கிலிருந்து டேட்டாவை வேகமாக எடுக்கும் விண்டோஸ் வசதி) பயன்படுத்தும் புது கேம்களில்தான் என்விஎம்இ பலன் நன்றாகத் தெரியும். ஆக, லோடிங் வேகத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. அந்த தைரியத்தில்தான் சாட்டாவைப் போட்டு ஜென்4 காசு வாங்குகிறான். ஒண்ணுதான் என்றால் 480 வெள்ளி எதற்கு வாங்கினாய்?

அவசரமாகச் சில:

மாட்டுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ.

காசு கொடுக்கும் முன்பே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. ஓடிய மணி, டிரான்ஸ்ஃபர் மோட் இரண்டையும் படம் எடுங்கள். மதர்போர்டு ஜென்3 (முந்தைய தலைமுறை) என்றால் 3.0 x4 என்று காட்டும், அதற்குக் கடையைத் திட்ட வேண்டாம்.

ரசீதில் மாடலும் சீரியல் எண்ணும் எழுத வையுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

பயனீட்டாளர் திரிபியூனலில் (நுகர்வோர் புகாரை விசாரிக்கும் மன்றம்) மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம்.

ஸ்டிக்கரை மட்டும் நீங்களாக உரிக்காதீர்கள். கிழிந்தால் "வாரண்டி போச்சு பாஸ்" என்பான்.