மானம் யாருடையது? லாரென்சியாவும் மென்சியாவும்

ஸ்பானிய நாடகாசிரியர் லோபே தே வேகாவின் 'ஃபுவெந்தே ஓவேஹூனா' (ஓர் ஊரின் பெயர்) என்ற நாடகம் 1619இல் அச்சானது. இன்னொரு ஸ்பானிய நாடகாசிரியர் கால்தெரோனின் 'தன் மானத்தின் மருத்துவன்' 1637இல்.

முன்னதில், ஊரை ஆளும் பிரபுவான கொமெந்தாதோர் கவர்ந்து சென்ற லாரென்சியா தலைவிரி கோலமாகத் தப்பி வந்து, மூன்றாம் அங்கத்தில் ஊர்ச்சபைக்குள் நுழைகிறாள். ஆண்களை ஆடுகள் என ஏசுகிறாள், பெண்களையும் ஆயுதம் ஏந்த வைக்கிறாள். அவளுக்கு நேர்ந்த அவமானம் ஊருடையதாகிறது; ஊரே சேர்ந்து கொமெந்தாதோரைக் கொல்கிறது. விசாரணையின் சித்திரவதையிலும் 'கொன்றது ஃபுவெந்தே ஓவேஹூனா' என்பதே எல்லோருடைய பதில்.

பின்னதில் வரும் மென்சியாவுக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. துரோகம் செய்யாதவள்தான், ஆனால் கணவன் குத்தியேர்ரேவுக்குச் சந்தேகமே போதும், அதுவும் வெளியே கசியக் கூடாது. எனவே சிகிச்சைக்காக இரத்தம் எடுப்பவனை மிரட்டி, அவள் நாளத்தைத் திறக்கவைத்து, விபத்துபோல் சாகடிக்கிறான். உண்மையறிந்த அரசன் அவனைத் தண்டிக்காமல், அவன் முன்பு கைவிட்ட லியோனோரை மணக்க ஆணையிடுகிறான். இதைக் கால்தெரோனின் ஒப்புதலாக வாசிப்பது பெரும் பிழை: கொலை நடந்த வீட்டின் கதவில் பதிந்த இரத்தக் கைத்தடத்தை அவர் மறைக்கவில்லை.