பழைய பெர்குசனுக்குப் புதுக் கார்புரேட்டரா, ரிப்பேர் கிட்டா?

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் நண்பர் ஒருவரின் பண்ணையில் புல் வெட்டவும் வண்டி இழுக்கவும் இன்றும் பயன்படும் பெர்குசன் டிஇஏ-20 டிராக்டரின் ஜெனித் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகத்தை) ரிப்பேர் கிட் வாங்கிப் பிரித்துச் சீர்செய்வதா, இணையத்தில் விற்கும் புது நகல் ஒன்றை வாங்கி மாட்டுவதா என்ற கேள்வி அண்மையில் எழுந்தது. நகலை வரவழைத்து இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, பழையதையே சீர்செய்து மாட்டினோம். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்குவதற்கு முன்பும், குற்றவாளி கார்புரேட்டர்தானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்த டிராக்டரில் பெட்ரோல் பம்பு கிடையாது. மேலே உள்ள டாங்கிலிருந்து தன் எடையாலேயே பெட்ரோல் கீழே இறங்குகிறது. ஆகவே கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவில் பிடித்தால், ஓட்டம் தடையின்றி வரவேண்டும். முதலில் நன்றாக வந்து பிறகு நூலாக மெலிந்தால், டாங்கின் அடியில் துரு சேர்ந்திருக்கிறது, அல்லது மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சிறிது நேரம் ஓடி நின்று, ஓய்வுக்குப் பின் மறுபடியும் கிளம்பும் எஞ்சினுக்கு மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. அதற்குக் காசு செலவில்லை. எரிபொருள் கோளாறு என்று நாம் நினைப்பவற்றில் கணிசமான பகுதி கடைசியில் பாயிண்ட், கண்டென்சர், பிளக் என்று பொறி உண்டாக்கும் பாகங்களில் முடிவதும் பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த கதைதான்.

எங்கள் வண்டியில் ஓட்டம் நன்றாகவே இருந்தது, பிளக்கிலும் பொறி பலமாக வந்தது. ஆனால் சுமை ஏறியதும் எஞ்சின் திணறும். காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் உடனே சீராகும். சோக் இழுத்தால் தெளிகிறது என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது எங்கோ வேண்டாத காற்று உள்ளே புகலாம். மாறாக, கரும்புகை கக்கிப் பிளக் கரி பிடித்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் ஏறியிருக்கும், அல்லது பெட்ரோல் வரும் வழியை மூடும் நீடில் வால்வு சரியாக அமரவில்லை. சந்தேகமான மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினால், ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி கிளம்பும்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிட் மலிவு, நகல் அதைவிடக் கூடுதல். இரண்டும் கடல் கடந்துதான் வரவேண்டும். 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளாக இருந்தாலும் 2023 முதல் பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் பொருள் சேவை வரியையும் சேர்த்தே வாங்குகின்றன, இப்போது அது 9 விழுக்காடு. மாட்டும் நேரத்தில் நகலுக்கே வெற்றி: இரண்டு நட்டு, ஒரு கேஸ்கட், இணைப்புக் கம்பிகள், அவ்வளவுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது ஜெட். ஜெனித் கார்புரேட்டரில் மெயின் ஜெட், காம்பன்சேட்டிங் ஜெட், சுமையின்றி மெதுவாக ஓடும் ஐடில் ஓட்டத்துக்கான சிறு ஜெட் எனத் தனித்தனியாக உண்டு. பித்தளையாலான ஒவ்வொன்றின் தலையிலும் அளவெண் பொறித்திருக்கும். அந்த எண் இருக்கும்வரை, கலவை எங்கே மெலிகிறது என்று கண்டுபிடித்து அந்த ஒரு ஜெட்டை மட்டும் மாற்றிவிடலாம். எங்களுக்கு வந்த நகலில் ஜெட்டுகளின் மேல் எந்த எண்ணும் இல்லை. பழைய மெயின் ஜெட்டை அதில் திருகிப் பார்த்தபோது இரண்டாவது சுற்றிலேயே இறுகிவிட்டது, மரையின் அளவே வேறு. நாளை கலவை சரியில்லை என்றால் அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை, முழுக் கார்புரேட்டரையும் கழற்றி எறிந்துவிட்டு மறுபடியும் ஒன்று வாங்க வேண்டியதுதான். மேலும், இந்த வகை டிராக்டரில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் செய்த எஞ்சின் முதலில் 80 மி.மீ. சிலிண்டரோடு 1,850 சிசியாக இருந்து, பிறகு 85 மி.மீ. சிலிண்டரோடு 2,088 சிசியாக வளர்ந்தது. மண்ணெண்ணெய் போன்ற டிராக்டர் எண்ணெயில் ஓடும் டிஇடி-20 ரகமும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே நகல் பொருந்தும் என்று விற்பவர் எழுதியிருந்ததே எனக்கு எச்சரிக்கை மணியாகப் பட்டது.

பழையதற்கும் ஒரு பெரிய பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. டிராக்டரில் எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர், கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டிலை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருப்பதால், திராட்டிலின் அச்சான ஸ்பிண்டில் நுழையும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். அந்த இடுக்கு வழியே காற்று புகுந்தால், எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் ஐடில் நிலைக்காது. ஸ்பிண்டிலை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும். நாங்கள் பார்த்த கிட்டில் கேஸ்கட், நீடில் வால்வு, வாஷர்கள் இருந்தனவே ஒழிய, இந்தத் தேய்மானத்துக்கு மருந்து இல்லை. துளையைச் சற்றே பெரிதாக்கி வெண்கல புஷ் (உள்வளையம்) அடிக்கச் சுங்கை காடுட் பக்கத்து லேத் பட்டறை ஒன்றுக்குப் போனோம். அங்கே கொடுத்த கூலி கிட்டின் விலையை மிஞ்சியது. மொத்தக் கணக்கைப் பார்த்தால் நகலின் விலைக்கு அருகில் வந்துவிட்டது, ஆனால் கையில் இருப்பது அளவெண் உள்ள ஜெட்டுகளோடு கூடிய கார்புரேட்டர். டிஇடி-20 ரகத்தை நான் பிரித்ததில்லை. அதன் உரிமையாளர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜெட்டுகளைச் சுத்தம் செய்யக் கம்பி மட்டும் கூடாது. பித்தளை மென்மையானது, ஒரு கீறல் விழுந்தாலே துளையின் அளவு மாறிவிடும், பிறகு தலையில் உள்ள எண் பொய்யாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதினால் போதும், பிடிவாதமான பிசினுக்குத் தூண்டில் நைலான் நரம்பு உதவும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பாதி காலியான டாங்கின் உட்சுவரில் நீர் படிவதும், அது துருவாகி ஜெட்டுக்கு வந்து சேர்வதும் இரு தேர்வுகளுக்கும் பொதுவான தலைவலி. நண்பர் இப்போது வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன் டாங்கை நிரப்பி, டாங்கின் அடியில் உள்ள பெட்ரோல் திறப்பை அடைத்து, மிதவை அறையில் எஞ்சியது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுகிறார்.

நகல் யாருக்குத்தான் பொருந்தும் என்று கேட்டால், பழைய கார்புரேட்டரின் உடலே விரிசல் விட்டவர்களுக்கு, அல்லது புல்வெட்டும் வேலை இந்த வாரமே நடந்தாக வேண்டியவர்களுக்கு என்பேன். அவர்களும் பழையதை இரும்புக்கடைக்குப் போடாமல், அதன் ஜெட்டுகளையாவது கழற்றி எண் தெரியும்படி ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.