மெடிக்கலில் கொடுத்த படர்தாமரை ஆயின்மென்ட்

லண்டனிலிருந்து சித்திரை வெயிலில் கும்பகோணத்துக்குப் போய் இறங்கினால் பெல்ட் கட்டுகிற இடத்தில் படர்தாமரை வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. தெருமுனை மெடிக்கலில் போய் நின்றேன். "அரிப்பா சார்?" என்று கேட்டபடியே கடைக்காரர் ஒரு டியூபை எடுத்து வைத்துவிட்டார். லண்டனில் ஜி.பி.யை, அதாவது குடும்ப டாக்டரைப், பார்க்கக் காத்துக்கிடந்தே பழகியவனுக்கு இந்த வேகம் சொர்க்கம்தான், ஆனால் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைப் படித்தால் குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபைன் என்று நாலு மருந்து. இதில் படர்தாமரைப் பூஞ்சையைக் கொல்வது கடைசியில் இருப்பது மட்டும்தான்.

குளோபெட்டசால் இருப்பதிலேயே கடுமையான தோல் ஸ்ட்ராய்டுகளில் ஒன்று. பிரிட்டனில் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. இந்தியாவிலும் 2018-இல் இந்த மாதிரி ஸ்ட்ராய்டு க்ரீம்களை சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எச்-இல் சேர்த்துவிட்டார்கள், சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று அந்தப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. யார் கேட்டார்கள்?

சித்தப்பா இதையேதான் மாசக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், நிறுத்தினால் முன்னைவிட அகலமாகத் திரும்ப வரும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவ வரி மாதிரி கோடுகள் விழுந்திருந்தன. அவரையும் இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன்.

டோக்கன் போட்டு உட்கார்ந்தோம், அன்றைக்கே பார்த்துவிட்டார். வட்டத்தின் ஓரத்தை பிளேடால் லேசாகச் சுரண்டி ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எனக்கு வெறும் லுலிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி க்ரீம், சித்தப்பாவுக்கு அதோடு இட்ராகோனசோல் மாத்திரையும். வட்டத்துக்கு வெளியே ரெண்டு விரற்கடை தள்ளியும் தடவ வேண்டும், மறைந்த பிறகும் ரெண்டு வாரம் விடக்கூடாது, துண்டை யாரோடும் பகிரக்கூடாது என்றார். டெர்பினாஃபைனுக்கு இப்போது பலருக்குக் கேட்பதில்லையாம். ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சைதான் காரணம், அது பிரிட்டனிலும் தென்பட்டிருக்கிறது. ஸ்ட்ராய்டை நிறுத்தியதும் முதலில் கொஞ்சம் பொங்கும், பயந்துபோய் பழைய டியூபைத் தொடாதீர்கள் என்று சித்தப்பாவிடம் தனியாகவே சொன்னார்.

அப்புறம் அதே மெடிக்கலில் சீட்டை நீட்டியபோது கேட்டேன், ஸ்ட்ராய்டு கலக்காத க்ரீம் உங்களிடமே இருக்கிறதே, முதலில் இதையே தந்திருக்கலாமே என்று. "இது மெதுவாத்தான் சார் கேட்கும். மூணு நாள்ல அரிப்பு நிக்கலைன்னா நம்மளத்தான் திட்டுறாங்க" என்றார்.