பாலிமரின் மூப்பை எதனால் அளப்பது: பருமனா, வெப்பமா, நீட்சியா?

உருகிய பாலிமரைச் சட்டெனக் குளிரவைத்தால், மூலக்கூறுச் சங்கிலிகள் சரியாக அடங்குவதற்கு முன்பே உறைந்துவிடுகின்றன. திடப்பொருளாகத் தெரிந்தாலும் உள்ளே அவை மெல்ல நெருங்கிக்கொண்டே இருக்கும். ரசாயனம் மாறுவதில்லை என்பதால் இது பௌதிக மூப்பு. இறுகிய பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர்; அதற்கு மேல் சிறிது நேரம் சூடாக்கினால் வயது அழிந்து, பொருள் பழையபடி இளமையாகிவிடும்.

அந்த வெப்பநிலைக்கு 40, 50 டிகிரி கீழே நடக்கும் மூப்பை அளப்பதுதான் சிக்கல். பருமன் அளவீடு நேர்மையானது. பாதரச நுண்குழாயை வைத்து 1963இல் கோவாக்ஸ் என்ற ஆய்வாளர் பாலிவினைல் அசிட்டேட் என்ற பாலிமரில் கண்ட முடிவுகளை இன்றும் கோட்பாட்டாளர்கள் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். ஆனால் குளிர்ந்த நிலையில் சுருக்கம் மிகமிகச் சிறியது. ஆயிரத்தில் ஒரு பங்கைத் துரத்தப் பொறுமை வேண்டும்.

பொருளைச் சூடாக்கும்போது அது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கலோரிமானி வேகமானது, சில மில்லிகிராம் போதும். நிலைமாற்றத்துக்கு அருகே மூத்த மாதிரியின் வெப்ப வரைகோட்டில் தெளிவான உச்சம் எழும். வெகு கீழே மூத்ததிலோ நிலைமாற்றத்துக்கு முன்னதாகவே ஒரு சிறு மேடு தலைகாட்டுவதோடு சரி. மேலும் அளப்பதற்காகச் சூடாக்குவதே வயதை அழித்துவிடுகிறது. ஒரு மாதிரியை ஒரு முறைதான் கேட்க முடியும்.

என் ஓட்டு க்ரீப் சோதனைக்கே. சிறு சுமையைத் தொங்கவிட்டு, நீட்சி நேரத்தோடு எப்படி வளர்கிறது என்று பார்ப்பது. பி.வி.சி.யை 90 டிகிரி செல்சியஸிலிருந்து 40க்குக் குளிர்வித்து ஸ்ட்ரூயிக் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்தார். வளைகோட்டின் வடிவம் மாறவில்லை; வயது பத்து மடங்கானால் நீட்சியும் ஏறத்தாழ பத்து மடங்கு தாமதமானது. பருமனில் கண்ணுக்கே தெரியாத மாற்றம் இங்கே இத்தனை பெரிதாகத் தெரிகிறது. மாதிரியும் கெடுவதில்லை. ஒரே நிபந்தனை, சோதனை நேரம் மூப்புக் காலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அளக்கும்போதே பொருளுக்கு வயதாகிவிடும்.

மூன்று கடிகாரங்களும் எப்போதும் ஒரே மணியைக் காட்டுவதில்லை. பருமன் அடங்கும் காலமும் நீட்சி அடங்கும் காலமும் வேறுபடலாம். நான் சார்ந்து நிற்கும் க்ரீப்பும் ஒன்றைச் சொல்லாது. நிலைமாற்ற வெப்பநிலை சுமார் 150 டிகிரியான பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் நெடுநேரம் வைத்தால் நீட்சி குறையும், வலிமை கூடியதுபோலத் தோன்றும். அதன் வெட்டு விழுந்த துண்டைச் சுத்தியலால் தட்டினால், முன்பு வளைந்து கொடுத்தது இப்போது படாரென்று உடையும்.