மாரிசோலா, மாரிசோம்ப்ராவா?

கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நால்வர் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடாவின் 1924ஆம் ஆண்டுக் காதல் கவிதைகளைத் தமிழாக்குகிறோம். அவற்றில் "நீ" என்று அழைக்கப்படுபவள் யார் என்பதில்தான் தகராறு. கவிஞரே பின்னாளில் அவளுக்கு மாரிசோல், மாரிசோம்ப்ரா என்று இரண்டு புனைபெயர்களைச் சொன்னார்.

சான்று:
மாரிசோல்: தெற்குச் சிலியில் உள்ள தெமுகோ ஊரின் தெரேசா என்பார்கள்.
மாரிசோம்ப்ரா: தலைநகர் சாந்தியாகோவில் உடன் படித்த அல்பெர்த்தினா. அவருக்கு நெரூடா எழுதிய கடிதங்களே அச்சில் இருக்கின்றன. எனவே இவர் பக்கமே வலு.

அடையாளம்:
மாரிசோல்: நனைந்த வானம் போன்ற கருவிழிகள், துறைமுகம், மலைமேல் பிறை.
மாரிசோம்ப்ரா: சாம்பல்நிறத் தொப்பி. ஆறாம் கவிதையிலும் அதே தொப்பி! "தொப்பி என்றால் நம் ஊரில் பாக்குப்பாளைத் தொப்பிதான் கண்ணில் நிற்கும், அண்ணா" என்றார் இளையவர். அரைமணி நேரம் அதிலேயே போனது. தேநீரில் ஆடை கட்டிவிட்டது. கடைசியில் "கம்பளித் தொப்பி" என்று எழுதினோம்.

மொழிபெயர்க்க எளிது:
மாரிசோல்தான். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்தவர்களுக்கு அந்த வானம் புதிதல்ல.

மலையும் நீரும் வரும் கவிதைகளுக்கு மாரிசோலை மனத்தில் வையுங்கள். மௌனம் பேசும் பதினைந்தாவதுக்கு என் வாக்கு அல்பெர்த்தினாவுக்கு. மற்ற மூவரும் இன்னும் ஒப்பவில்லை.